கொஞ்சம் இடது பக்கம் நகரு

தனியாக நிற்கும் எதையும் படமெடுக்க மனம் ஒப்பாத ஓர் இனம் இருக்கிறது. மனிதர் நின்றால் பக்கத்தில் மரம் வேண்டும். மரம் நின்றால் மனிதர் வேண்டும். இரண்டும் இருந்துவிட்டால் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும்.

உங்களுக்கும் இவரைத் தெரியும். தபால் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சொந்தக்காரர்கள் வாயில் 'கேமரா மாமா'. எங்கே போனாலும் அகப்படுபவர் மனைவிதான். மணிக்கூண்டின் உச்சியை அந்த அம்மாள் இரண்டு விரலால் கிள்ள வேண்டும், சிலை கை நீட்டியிருந்தால் குலுக்க வேண்டும், கடற்கரைக்குப் போனாலோ மறையும் சூரியனை உள்ளங்கையில் ஏந்த வேண்டும். "கொஞ்சம் இடது பக்கம் நகரு, கையைத் தாழ்த்து, ஐயோ, சூரியன் முழங்கைக்கு வந்துடுச்சு!" என்று இவர் மணலில் குப்புறப் படுத்துக் கத்த, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"கை வலிக்குதுங்க."

"சூரியனுக்கு வலிக்குதா? அது பேசாம நிக்கல?"

யாராவது தெரியாத்தனமாகப் பாராட்டிவிட்டால் தொலைந்தார். "படத்துல ரெண்டு பேர் இருந்தா போதுமா? நடுவுல ஒரு தொடர்பு வேணாமா?" என்று பிடித்துக்கொண்டு, அந்த ஆளின் பேருந்து போன பிறகுதான் விடுவார்.

இப்படியே இருபத்தாறு வருடம். மறுநாள் காலை வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறவிருந்த மகள், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்களும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் ஒண்ணு குடுங்க. என் ரூம்ல மாட்டிக்கறேன்."

"ஒண்ணு என்னம்மா, ஆயிரம் தர்றேன்!"

கணினியைத் திறந்தார். அம்மாவும் பாலமும். அம்மாவும் அருவியும். அம்மாவும் யாரோ ஒருவருடைய குதிரையும். நான்கு மணிக்குத் தேட ஆரம்பித்தவர் ஆறு மணிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணப் படம் ஒன்றுதான் தேறியது. அதிலும் இவர் மணப்பெண்ணைப் பார்க்காமல், படமெடுப்பவர் என்ன கேமரா வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவதா? பாவம், மனிதருக்கு முகமே விழுந்துவிட்டது.

மகள் இருவரையும் சுவரோரம் நிறுத்தினாள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். ஊரையே நகர்த்தி நிறுத்தியவருக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைக்குள் விட்டார், எடுத்தார், முதுகுக்குப் பின்னால் கட்டினார்.

"வாத்தியார் நிக்க வெச்ச மாதிரி இருக்குப்பா."

"நீ போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கே. இரு, நானே வந்து..."

"ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்களேன்!" என்று மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க, அந்த நேரம் பார்த்து மகள் அமுக்கிவிட்டாள்.

படத்தில் அவர் பாதி ஓட்டத்தில், வாயைத் திறந்தபடி. அந்த அம்மாளோ கணவரின் சட்டையை விடாமல், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் கண்ணு மூடியிருக்கு. அழிச்சிடு."

"அழிச்சா தெரியும் சேதி" என்றார் மனைவி. படம் மகளோடு விமானம் ஏறியது.

இந்தக் கதையை உடனே, கேமராவும் கையுமாகத் திரியும் மைத்துனருக்கு அனுப்ப உங்கள் விரல் துறுதுறுக்கிறது அல்லவா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் கைப்பேசியில், நீங்களும் உங்கள் வீட்டில் இருப்பவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன். ஓரத்தில் தெரியும் உங்கள் கட்டைவிரல் கணக்கில் வராது.