மலைக்குக் கேட் போட்ட மனிதர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் கம்பெனி வாசல்களில் நிற்கிற அத்தனை செக்யூரிட்டிகளையும் ஒரு தட்டிலும், கேட்பாஸ் அண்ணனை மட்டும் மறு தட்டிலும் வைத்தால், அண்ணன் இருக்கிற தட்டுதான் கீழே இறங்கும். இறங்குவதற்குள் அந்தத் தராசையும் ஒருமுறை சோதனை போட்டிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கம்பெனி வாசலில் காலமெல்லாம் நின்றவர். கேட்பாஸ் இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. முதலாளியின் காரையே நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னவர். பார்த்து முடித்த பிறகுதான் சல்யூட். அதில் உண்டான ஆனந்தத்தில் முதலாளி மறுநாளே அண்ணனைப் பின்பக்கத்துக் கேட்டுக்கு மாற்றிவிட்டாராம்.

ஓய்வு பெற்றதும் சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்த ஊருக்கு வந்துவிட்டார். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன் நான். காவல் காக்க எதுவும் இல்லாமல் அண்ணன் தவித்த காலம் அது. கத்திரிக்காய் வாங்கி வந்தால் மாடிப்படியில் வழிமறித்து, பையைப் பிரித்து, எண்ணிப் பார்த்துத்தான் விடுவார். சொத்தைக் காயைத் தனியாக எடுத்து வைத்து, "இது ரிஜெக்ட் தம்பி, உள்ள விட முடியாது" என்பார். பல நாள் வெறும் புளிக்குழம்போடு சாப்பிட்டிருக்கிறேன்.

இப்படி ஒரு மனிதருக்கு ஒரு மலை கிடைத்தது.

ஊருக்கு மேற்கே இருக்கிற அந்த மலை ஒரு காலத்தில் காடாக இருந்ததாம். சூளைக்கும் அடுப்புக்கும் வெட்டி வெட்டி மொட்டையாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடை வழியாக ஒரே ஓட்டம். ஏரி மண் மூடி, பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். போர்வெல்கள் ஒவ்வொன்றாக வறண்டன. இன்னும் இரண்டு கோடை இப்படியே போனால் தக்காளித் தோட்டமெல்லாம் லாரி ஷெட்டுதான் என்று ஊரே பேசிக்கொண்டது.

அப்போதுதான் மழைத்தண்ணீரைத் தேக்குகிற நீர்வடிப்பகுதித் திட்டத்து அதிகாரி வந்து கூட்டம் போட்டார். ஓடுகிற தண்ணீர் நிற்க மலைச் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் பள்ளம் வெட்ட வேண்டும், செடி நட வேண்டும், ஊரே காவல் காக்க வேண்டும். ஒரு வருஷம் ஆடு ஏறாமல் காத்துக் காட்டினால் ஓடையில் தடுப்பணை வரும். காக்காவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். கேட்பாஸ் அண்ணன் மட்டும் எழுந்து நின்றார்.

"அதாவது சார், மலைதான் கம்பெனி. மண்ணும் தண்ணியும் மெட்டீரியல். ஓடைதான் கேட்டு. பாஸ் இல்லாம எதுவும் வெளிய போவக் கூடாது. அவ்வளவுதான?"

அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றார். அந்தக் 'கிட்டத்தட்ட' அண்ணன் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையில் பழைய காக்கிச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. விசிலும் வந்தது. மலைக்குப் போகிற பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி. மலையின் மற்ற மூன்று பக்கமும் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று நான் சுட்டிக்காட்டியபோது, "கேட்டுன்னு ஒண்ணு வச்சா அது வழியாத்தான் தம்பி வரணும்" என்றார். ஆச்சரியம், எல்லாரும் அது வழியாகத்தான் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கூடிப் பள்ளம் வெட்டிவிட்டு இறங்கும்போது வரிசையில் நிறுத்தித் தூக்குப்போணிகளைத் திறந்து பார்ப்பார். அவர் மனைவி ரத்னாக்காவுக்கும் விலக்கு கிடையாது. "நீங்க தின்னு மிச்சம் வச்ச களிதான் இருக்குது. நல்லா பாத்துக்கங்க" என்று அக்கா போணியை மூக்குக்கு நேராக நீட்டுவார். அண்ணன் பார்த்துவிட்டு, "செருப்பைத் தட்டிட்டுப் போ, மண்ணு ஒட்டியிருக்குது" என்பார்.

பெரிய மோதல் லட்சுமக்காவோடுதான். ஊரிலேயே பெரிய ஆட்டு மந்தை அவருடையது. யார் ஆடு மலை ஏறினாலும் ஆட்டுக்காரர் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும் என்று ஊரே சேர்ந்து போட்ட சட்டம். ஆரம்பத்தில் லட்சுமக்காவின் ஆடுகள் தினமும் ஏறின. அக்காவும் தினமும் கடப்பாரையோடு ஏறினார். வாயில் தெலுங்கும் தமிழும் கலந்து வசவு பொழியும். "இந்த மலையில பாதி பள்ளம் என் ஆடு வெட்டுனது" என்று அலுத்துக்கொள்வார். பிறகு அலுத்துப்போய் ஆடுகளுக்கு வீட்டிலேயே தழை வெட்டிப் போட ஆரம்பித்தார்.

வருஷம் திரும்பியது. அதிகாரி பார்வையிட வந்தார். முகத்தில் நம்பிக்கையே இல்லை. ரோட்டோரம் நாலு செடியைக் காட்டி ஏமாற்றிய ஊர்களைப் பார்த்துச் சலித்தவர் போலிருந்தது. மேலே போய்ச் சுற்றிவிட்டு, பரிசோதனைக்காக ஒரு கவரில் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டு இறங்கினார். மூங்கில் கழி தூக்கப்படவில்லை.

"கவர்ல என்னங்க சார்?"

"மண்ணு. லேபுக்கு."

"பாஸ்?"

"யோவ், திட்டத்துக்கே நான்தான்யா ஆபீசர்."

"தெரியும் சார். மண்ணு வெளிய போவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் அண்ணனிடம் ஓடினேன். காதருகே போய், "அண்ணா, தடுப்பணை போயிரும்ணா. விட்டுருங்க" என்று கெஞ்சினேன். "இன்னிக்கு ஒரு கைப்பிடிய விட்டா நாளைக்கு லாரி வரும் தம்பி" என்றார். அதிகாரி போனை எடுத்தார். இந்த ஊரில் ஒத்துழைப்பே இல்லை என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னார். ஒரு வருஷத்து வேர்வை ஒரு கவர் மண்ணில் கவிழப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து லட்சுமக்கா மந்தையைக் காலாற நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். முன்னால் வந்த கிடா கழியை நெருங்கியதும் அண்ணன் பழக்கத்தில் விசில் அடித்தார். மொத்த மந்தையும் அப்படியே திரும்பி ஏரிக்கரைப் பக்கம் நடந்தது. அதிகாரி போனைக் காதிலிருந்து இறக்கினார்.

விஷயம் தெரிந்ததும் லட்சுமக்கா இடுப்பில் கை வைத்தார். "சார், என் சினை ஆடு ஒரு வாய் தழை தின்னதுக்கு என்னைய வேகாத வெயில்ல பள்ளம் வெட்ட வச்சான் இந்தப் பாவி. உங்கள மட்டும் சும்மா விட்டான்னா நானே கேப்பேன்."

அதிகாரி அவரைப் பார்த்தார், போகிற ஆடுகளைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஆடு ஏறலைன்னு எல்லா ஊர்லயும் சொல்றாங்க. நான் நம்பறது இந்த ஊர்லதான்" என்று சொல்லி, கவர் மண்ணைக் கழிக்கு மலைப் பக்கமே கொட்டினார். அண்ணன் கழியைத் தூக்கிவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

தடுப்பணை வந்தது. ஏரியைத் தூர் வாரினார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் கலங்கலே இல்லாமல் வந்தது. ஒரு காலையில் ஏரி கோடி போகிறது என்று சத்தம் கேட்டு ஊரே ஓடியது. நிரம்பி, கரை முனையில் வழிந்து, அடுத்த ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது தண்ணீர். ரத்னாக்காவும் லட்சுமக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கிக் கூத்தடித்தார்கள்.

கேட்பாஸ் அண்ணன் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். அவர் கண்ணெதிரே பாஸ் இல்லாமல் இத்தனை மெட்டீரியல் வெளியே போகிறது. ஊதப் போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதவில்லை. விசிலை எடுத்துவிட்டு, தண்ணீருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"கீழூரு ஏரிக்குத்தான போற? போ போ. அவங்களும் காஞ்சு கெடக்கறாங்க" என்றார். காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் தாங்கவில்லை. போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே அவர் கை என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. தடவட்டும் என்று அப்படியே நின்றேன்.