ஆணியில் தொங்கிய ரொட்டி

"கையெழுத்து விழாம வீட்டைக் காலி பண்ற ஆளு இந்த மர்கிலான் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மஸ்தூரா, கேரட் நறுக்கியபடி.

அவள் கணவர் சோபித்துக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டை வாங்க வந்த நுஸ்ரத், வியாழக்கிழமை வீடு காலியாக இருந்தால்தான் நோட்டரியிடம் வருவேன் என்று ஒரே பிடியாக நின்றார். முன்பு அவர் வாங்கிய வீட்டில் பழைய குடும்பம் 'இதோ, அதோ' என்று ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருந்ததாம். இரண்டு வருஷத்தில் வந்த ஒரே ஆள் இவர். இவரும் போய்விட்டால், மகள் வீட்டுப் பக்கத்தில் பேசி வைத்திருந்த ஃப்ளாட்டும் கைநழுவிப் போகும்.

"காலி பண்ணிட்டு, அவர் வரலைன்னா?"

"வருவார்."

"வரலைன்னா?"

"நீ பேசிப் பேசியே அவரை விரட்டிடுவே!"

மஸ்தூரா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரைக் காட்டினாள். "சரி, போவோம். இதை என்ன பண்றது?"

சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு வட்ட ரொட்டி. மூன்று வருஷத்துக்கு முன் மகன் இல்ஹோம் கொரியாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. மிச்சத்தை அவனே திரும்பி வந்து சாப்பிட வேண்டும், அதுவரை ஆணியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"பிள்ளை வர்றதுக்கு முன்னாடி ரொட்டியை ஆணியிலேருந்து எடுக்குற அப்பனா நீங்க?" என்றாள்.

சோபித் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர் போலத்தான் வெளியே பேசுவார். ஆனால் தினமும் காலையில் யாரும் பார்க்காதபோது அந்தக் கடிபட்ட இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். போன வருஷம்தான் கவனித்தார், கடிவாயின் நடுவில் பல் படாமல் ஒரு மேடு. பிள்ளைக்கு முன்பல் விழுந்ததுகூடத் தெரியாமல் வழியனுப்பியிருக்கிறோமே என்று பதறி, மகனிடமே போனில் கேட்டார். "பல்லா? எந்தப் பல்லுப்பா?" என்று சிரித்தான் பையன். அப்பா கவலைப்படக் கூடாதென்று மறைக்கிறான் என்று நினைத்து அன்றைக்கு அவர் சோறு உண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை நுஸ்ரத்திடம் போய், "அண்ணே, அந்த ரொட்டி மட்டும் பையன் வர்ற வரைக்கும் உங்க சுவத்துல தொங்கட்டும்" என்றார்.

"தாராளமா! எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க" என்று நுஸ்ரத் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்ததும் நுஸ்ரத்திடமிருந்து போன் வந்தது. "என் வீட்டுக்காரி சண்டைக்கு வர்றா, தம்பி. எவன் பெத்த பிள்ளையோ நாளைக்கு நேரா என் அடுப்படிக்கு வந்து நின்னு ரொட்டியைக் குடுன்னா நான் என்ன செய்யிறதுன்னு கேக்குறா. நாளை வரைக்கும் வேண்டாம், இன்னைக்குச் சாயங்காலமே காலி பண்ணிக் காட்டுங்க."

மஸ்தூரா மகளோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். சோபித் யோசித்தார். ரொட்டியை ஆணியிலிருந்துதானே எடுக்கக் கூடாது? ஆணியோடு சுவரையும் சேர்த்துப் பெயர்த்து ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால்?

கொத்தனார் யாகூப் தலையைச் சொறிந்தார். "இது மண்சுவரு மாமா. ஒரு செங்கல்லை உருவினா ஊரே கூட வரும்."

"மெதுவா உருவு."

யாகூப் மெதுவாகத்தான் உருவினார். முதலில் ஒரு கல் வந்தது, பிறகு பக்கத்துக் கல், அப்புறம் அலமாரியும் கெட்டிலும் இறங்கின. தூசி அடங்கியபோது, சமையலறையிலிருந்து தெரு பளிச்சென்று தெரிந்தது. தெருவில் போன ஒருவர் உள்ளே பார்த்து சலாம் சொன்னார். ரொட்டி தரையில் ஏழு துண்டாகக் கிடந்தது.

"சுவத்தை நான் சாயங்காலத்துக்குள்ள பூசிடுவேன் மாமா. ரொட்டியைப் பூச முடியாது" என்றார் யாகூப்.

சோபித்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மஸ்தூரா வந்தால் தனக்கு என்ன ஆகும் என்ற பயம் மறுபக்கம். துண்டுகளைப் பயபக்தியோடு கைக்குட்டையில் கட்டிக்கொண்டு, தெருமுனை ரொட்டிக்கடை ஹைதரிடம் ஓடினார். ஹைதர் தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஹைதரண்ணே, ஒரு உதவி. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. காஞ்சு கல்லாப் போன ரொட்டி ஒண்ணு வேணும். மூணு வருஷத்துப் பழசு மாதிரி தெரியணும். ஓரத்துல ஒரு கடி..."

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

ஹைதர் வெளியே வந்து மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, கடிபட்ட துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசையில், சரியாக நடுவில், ஒரு பல் இல்லை.

"அட, இது நான் கடிச்சதாச்சே! பழைய ரொட்டியை எலி தின்னுடுச்சுன்னு போன வருஷம் உங்க வீட்டம்மா அழுதுகிட்டு வந்து நின்னாங்களே, உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"