சாயக் குளமும் டாக்டர் உடும்பும்

ஒரு காட்டில் இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் சிங்கம், அந்தக் கரையில் புலி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பகை மட்டும் பெரும் பகை. அந்தப் பகையை ஆராய்ச்சி செய்தே வயிறு வளர்த்தது ஒரு கூட்டம். அதற்குத் தலைவர் பேராசிரியர் கொக்கு. அவர் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, ஆழ்ந்த சிந்தனை என்று காடே நம்பியது. அவர் நின்றது மீனுக்கு.

அவரிடம் கல், மண் ஆராய்ச்சி செய்த மாணவன் குழந்தைவேலு என்ற உடும்பு. உடும்புக்குத் தலை நரைக்காது என்பதால் இன்னும் மாணவன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

அவன் வளை ஒரு குளக்கரையில் இருந்தது. மேட்டில் தூக்கணாங்குருவிகள் கூடுகளுக்குச் சாயம் போட்டுக் கழிவைக் கீழே விட ஆரம்பித்ததிலிருந்து குளம் கத்தரிப்பூ நிறமாகி நாறியது. அதில் குளித்த குஞ்சுகள் இரண்டுக்கும் உடம்பெல்லாம் புண். அவன் மனைவி பூவாத்தா வேப்பிலை அரைத்துத் தடவியே சலித்துப்போனாள்.

ஒரு நாள் குழந்தைவேலு ஆற்றின் நடுத்திட்டிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து குளத்தில் போட்டான். வெயில் ஏற ஏறச் சாயம் முறிந்தது. பொழுது சாய்வதற்குள் அடிமணல் தெரிந்தது. கல்லோ போட்டபடியே கிடந்தது, துளியும் தேயவில்லை. தான் மாறாமல் மற்றதை மாற்றும் பொருளுக்குப் படித்தவர்கள் வினையூக்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பூவாத்தாவுக்குப் பேரெல்லாம் தேவைப்படவில்லை. குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குழந்தைவேலு குளத்தில் முங்கிக் கல்லை வெளியே எடுத்தான்.

"ஏனுங்க, அதை எதுக்குங்க எடுக்கறீங்க?"

"கொக்கு ஐயாகிட்டக் காட்டோணும்."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க. வேணும்னா அவரு இங்க வந்து பாக்கட்டும்."

"உனக்கு வெவரம் பத்தாது. தண்ணி சுத்தமானாப் போதுமா? சுத்தமாச்சுன்னு கட்டுரை வரோணுமில்ல? அது வர்ற வரைக்கும் இது அழுக்குத் தண்ணிதான்."

கொக்கு கல்லை ஒரு கண்ணால் பார்த்தார். "சாயம் போச்சு, சரி. இதுல சிங்கம் எங்க? புலி எங்க?"

"இது குளத்து விஷயமுங்க ஐயா."

"குளத்துக்கு எவன்டா மாநாடு போடுவான்? எங்க எடுத்தே இதை?"

"நடுத்திட்டுலங்க."

கொக்கு தூக்கியிருந்த காலையும் கீழே வைத்தார். "நடுத்திட்டா! அது யாருக்குச் சொந்தம்னே இன்னும் முடிவாகலையேடா!"

'நடுத்திட்டுக் கருங்கல்லும் வல்லரசுகளின் எதிர்காலமும்' என்று கட்டுரை வந்தது. முதல் பேர் கொக்கு. இரண்டாவது பேர் கொக்கின் மைத்துனர். கல்லைச் சுமந்தவன் பேர் கடைசியில். சிங்கத்துக்கு ஒரு வரியும் புரியவில்லை. "இதைப் புலி படிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டது. "படிச்சாச்சு மகாராஜா" என்றார் கொக்கு. பிறகு ஆற்றைத் தாண்டிப் பறந்துபோய்ப் புலியிடம், சிங்கம் படித்தாயிற்று என்றார்.

யானைப்படை ஒரு பக்கம், எருமைப்படை ஒரு பக்கம் இறங்கின. நடுத்திட்டைப் பெயர்த்து, குழந்தைவேலு கொண்டுவந்த கல்லையும் சேர்த்து, ஆளுக்குப் பாதியாக இருட்டுக் குகையில் போட்டுக் காவல் வைத்தன. வெயில் படாமல் அந்தக் கல் எதற்கும் உதவாது. அதைக் கட்டுரையில் எழுத இடம் போதவில்லை. கொக்கு இரண்டு அரண்மனைக்கும் ஆலோசகர் ஆனார். இரண்டு பக்கத்தையும் கொதிக்கவிட்டு, தன் இறகில் ஒன்றுகூடக் கருகாமல் நின்ற அவரைவிட நல்ல வினையூக்கி அந்தக் காட்டில் இல்லை.

குளம் மறுபடி நாறியது. குஞ்சுகளுக்கு மறுபடி புண் வந்தது.

"ஐயா, ஒரே ஒரு கல்லுக் குடுங்க" என்று குழந்தைவேலு போய் நின்றான்.

"ராணுவச் சொத்துடா அது! ஆனா உன் குளம் இருக்கே, அது தங்கம். வல்லரசுப் போட்டியால நாறுற குளம் வேற எங்கடா இருக்கு? அதை ஆராய்ச்சி பண்ணு. டாக்டர் பட்டத்துக்கு நான் பொறுப்பு."

குழந்தைவேலு குஞ்சுகளின் புண்ணை நினைத்தான். பிறகு தன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுச் சொல்லிப் பார்த்தான். அதற்குப் பிறகு புண் நினைவுக்கு வரவில்லை.

பட்டம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அறிஞர்கள் கூட்டம் கூட்டமாகக் குளத்தைப் பார்க்க வந்தார்கள். "நீங்க டாக்டராவே இருங்க. எம்புள்ளைகளுக்குத் தோலு வேணும்" என்று பூவாத்தா குஞ்சுகளோடு மலைப்பக்கம் போய்விட்டாள்.

அந்த வருஷம் பேய்மழை பெய்தது. குருவிகள் சாயப் பானைகளை விட்டுவிட்டு ஓடிவிட்டன. குளம் நிரம்பி வழிந்து, தானாகவே தெளிந்தது. சேதி கேட்டுப் பூவாத்தா குஞ்சுகளோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க! குளம் தெளிஞ்சிருச்சுங்க! நாங்க வந்துட்டோம்!"

டாக்டர் உடும்பு சால்வையைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தான். மணல் பளிச்சென்று தெரிந்தது. நாளைக்கு இரண்டு ராஜாக்களின் தூதுவர்களும் குளத்தின் நாற்றத்தைப் பார்வையிட வருகிறார்கள்.

"கொஞ்சம் பொறு. புள்ளைகளைத் தண்ணியில எறக்கீராதே" என்றான்.

மேட்டுக்குப் போனான். குருவிகள் விட்டுப்போன பானைகளில் சாயம் நிறைந்திருந்த ஒன்றைத் தூக்கிவந்து குளத்தில் கவிழ்த்தான்.

நீதி: பிள்ளைகளே, குளத்தைச் சுத்தம் செய்யும் கல் கிடைத்தால் கண் காணாத இடத்தில் வீசிவிடுங்கள். தெளிந்த குளத்தை வைத்துக்கொண்டு இதுவரை ஒருவனும் டாக்டர் ஆனதில்லை.