எதிர்க்கட்சி மேசையில் நாலு தட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாயை முந்திக்கொண்டு கை வந்துவிடும். ஆளை அடிக்க மாட்டேன், மேசையைத்தான் அடிப்பேன். திண்டுக்கல்லில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த இருபத்திரண்டு வருடமும் இந்தக் கையால்தான் பிழைத்தேன். வெளியூர் வியாபாரி தக்காளியை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். உள்ளங்கையால் மேசையில் நாலு தட்டு. ‘இந்த விலைக்குக் கிடையாது, கிளம்பு’ என்று அர்த்தம். கேரளாக்காரர்களுக்குக்கூட அது உடனே புரியும்.

இந்தக் கையோடு என்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். (தப்பு அனுப்பியவர்களுடையது.)

எந்தத் தொகுதி, எந்த வருடம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தொகுதிகளில் ஒன்று. நான் எதிர்க்கட்சி. ஒரே ஒரு முறைதான் ஜெயித்தேன்.

சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினால் பாராட்டு. அங்கே யாரும் கை தட்டுவதில்லை. அமைச்சர் ஏதாவது நல்லது அறிவித்தால் மேசையைத் தட்டி வரவேற்பார்கள். இதை எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

தொகுதியில் ஓர் ஊர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது, கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டாக்டர் மட்டும் இருக்க மாட்டார். ஒரு நாள் என் அலுவலகத்துக்கு ஆரோக்கியமேரி மனுவோடு வந்தாள். பூக்காட்டில் பூப்பறிக்கிற வேலை, அஞ்சு மாதம் கர்ப்பம்.

“அண்ணே, மொதப் புள்ளைய ஷேர் ஆட்டோவுல பெத்தேன். நாலு வெங்காய மூட்டைக்கு நடுவுல. ரெண்டாவதும் அப்படித்தான்னா, ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்குள்ள வந்துறாதீக.”

“மந்திரி வாயாலயே பதில் வாங்கிட்டு வாரேன்மா” என்றேன்.

வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

கேள்வியை இரண்டு பகுதியாக எழுதிக் கொடுத்தேன். (அ) அந்த நிலையத்தில் நாலு மணிக்குப் பிறகும் மருத்துவர் இருக்க அரசு ஆவன செய்யுமா? (ஆ) ஆம் எனில், எப்போது? கொடுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் கேள்வி நேரத்தில் என் முறை வந்தது. அமைச்சர் பதில் சொன்ன பிறகு துணைக் கேள்வி கேட்கலாம். அங்கேதான் அவரைப் பிடிக்க வேண்டும். வழியில் நடந்த பிரசவங்களை ஊர் ஊராக விசாரித்து ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் ஒத்திகை நடந்தது. என் மனைவி அமைச்சராக உட்கார்ந்தாள். மூன்று முறை நடத்தினோம், மூன்று முறையும் அமைச்சர்தான் ஜெயித்தார்.

அன்றைக்கு அமைச்சர் எழுந்தார். காகிதத்தைப் பார்த்தார்.

“(அ) இல்லை. (ஆ) இந்த வினா எழவில்லை.”

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். ஓர் ஊர்ப் பெண்களின் பிரசவ வலிக்கு மொத்தமே நாலு வார்த்தைதான் செலவு செய்திருக்கிறார். ‘இல்லை’ என்று காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரியும். மண்டியில் உட்கார்ந்திருப்பதாகக் கை நினைத்துக்கொண்டது. மேசையில் ஓங்கி நாலு தட்டு.

எனக்குப் பக்கத்து இருக்கையில் பழனிப் பக்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணை மூடியிருந்தார். சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலேயே அவரும் தட்டினார். அவரைப் பார்த்துப் பின் வரிசை தட்டியது. பிறகு எதிர்க்கட்சி முழுக்கத் தட்டியது. தங்கள் அமைச்சரை எதிர்க்கட்சி மட்டும் பாராட்டுவதை ஆளுங்கட்சியால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அமைச்சர் மறுபடி எழுந்து கும்பிட்டார். “எதிர்க்கட்சி உறுப்பினரே மனமுவந்து வரவேற்றிருக்கிறார். அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி.”

அவைத் தலைவர் என்னைப் பார்த்தார். “உறுப்பினர் மனநிறைவு அடைந்துவிட்டதால் துணைக் கேள்வி தேவைப்படாது. அடுத்த வினா.”

எழுந்து கத்தினேன். மைக் வேலை செய்யவில்லை. ஏழு பக்கத்தையும் தூக்கி ஆட்டினேன். அமைச்சர் அதையும் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

பழனிக்காரர் இப்போதுதான் கண்ணைத் திறந்தார். “ஏனுங்க, அமைச்சரு என்னங்க குடுத்தாரு? காலேஜுங்களா?”

“ஒண்ணும் குடுக்கல. இல்லைன்னாரு.”

“அப்புறம் எதுக்குங்க தட்டுனீங்க?”

“நீங்க எதுக்குத் தட்டுனீங்க?”

“நீங்க தட்டுனீங்கல்லங்க.”

அவைக் குறிப்பில் ‘(மேசையைத் தட்டும் ஒலி)’ என்று அச்சாகிவிட்டது. அதை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். சொற்களை நீக்கலாம், ஒலியை நீக்க விதியில்லை என்று பதில் வந்தது.

நான் ரயிலேறி ஊர் வந்து சேர்வதற்குள் நான் மேசை தட்டிய வீடியோ வந்து சேர்ந்திருந்தது. பேகம்பூரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் பாய், கல்லாப் பெட்டியை நாலு தட்டுத் தட்டிவிட்டு, “வாங்க எம்.எல்.ஏ. சாப்” என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆரோக்கியமேரி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். இப்போது ஏழு மாதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்களுக்கு டாக்டரு கெடையாதுன்னு அவரு சொல்றாரு. நீங்க தாளம் போடுறீக.”

“கோவத்துல தட்டுனேம்மா. சத்தியமா.”

என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டாள் போல. அதற்குப் பிறகு இன்னும் கேவலமாகப் பார்த்தாள்.

“கோவத்துல தட்டுனா நிப்பாட்டாமத் தட்டணும்ணே. நாலு தட்டுத் தட்டிட்டு நிப்பாட்டுனா அது பாராட்டுதான். அந்த மந்திரி நம்ம பக்கம் எப்ப வாராரு?”

மூன்று வாரம் கழித்து வந்தார், திண்டுக்கல்லில் ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்கு. முறைப்படி எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கடைசியில். முன் வரிசைகளில் முப்பது நாற்பது பெண்கள். பூக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள், ஆளுக்கொரு தூக்குவாளியோடு. நடுவில் நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு ஆரோக்கியமேரி.

அமைச்சர் மைக் முன்னால் வந்ததும் தூக்குவாளி மூடிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். அமைச்சர் சிரித்தபடி கும்பிட்டார். தட்டினார்கள். போதும் என்று கையமர்த்தினார். தட்டினார்கள். “தாய்மார்களே” என்றார். தட்டினார்கள். போலீஸ்காரர் ஒருவர் கிட்டே போய், “ஏம்மா, அவரப் பேச விடுங்க” என்றார். “பாராட்டுறோம் சார். பாராட்டக் கூடாதா?” என்றாள் ஆரோக்கியமேரி. எழுந்து நின்று தட்டினார்கள். பாராட்டுகிறவர்களைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

பத்து நிமிடம் போனது. அமைச்சர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னய்யா வேணும் இவங்களுக்கு?”

“சட்டமன்றத்துல எழவில்லைன்னு சொன்னீங்களே, அந்தக் கேள்விங்கய்யா. இங்க எந்திரிச்சு நிக்குது.” (வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் பேசிய ஒரே வசனம். மைக் பொத்தியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.)

அவர் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் காதில் என்னவோ கேட்டார். பிறகு மைக்கில் அறிவித்தார். அந்தச் சுகாதார நிலையத்துக்கு இரவுப் பணிக்கு ஒரு மருத்துவர், இந்த மாதத்துக்குள்.

சத்தம் நின்றது. நல்ல செய்தி சொன்னபோது ஒருத்தியும் தட்டவில்லை. மேடையில் பழக்க தோஷத்தில் ஒரே ஒரு கை மேசையைத் தட்டியது. அது என் கை.

கீழே இறங்கி வந்து, “ஏம்மா, சொல்லிட்டாருல்ல, இப்பத் தட்ட வேண்டியதுதான?” என்றேன்.

“டாக்டரு வந்து உக்காரட்டும்ணே. பெறகு தட்டுறோம்.”

டாக்டர் வந்தார். ஆரோக்கியமேரிக்கு அங்கேயே, கட்டிலில், சாயங்காலம் ஆறரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். படுத்தபடியே கட்டில் சட்டத்தை விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். அது அமைச்சருக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றேன். அவள் தெருவில் மட்டும் ஜெயித்தேன்.

வீட்டில்தான் இன்னும் அந்தக் கூட்டத்தொடர் முடியவில்லை. காலையில் தட்டில் உப்புமாவைப் பார்த்தால் என் கை தானாக மேசையில் இறங்கிவிடும். “உறுப்பினர் வரவேற்கிறார்” என்று சொல்லி என் மனைவி இன்னொரு கரண்டி வைப்பாள். பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் ஆரோக்கியமேரி சொன்ன மாதிரி நிறுத்தாமல் தட்டிப் பார்த்தேன்.

சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.