ஹீட்டர் ஹோஸுக்கு வயசு பார்த்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களா. விசிறியை உங்கள் பக்கமே திருப்பிக்கொள்ளுங்கள், இது வெப்பத்தைப் பற்றிய கதை. மனித நாகரிகம் எங்கே உச்சியைத் தொட்டது என்று நாளைக்கு யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: ராயபுரத்தில், மளிகை மொத்த வியாபாரி ஜெபசிங்கின் கிடங்கில், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், ஒரு காரின் ஹீட்டரை ஓடவைத்த அன்றுதான் தொட்டது.

கார் சாதாரணக் கார் அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் பிறந்தது. குளிரில் நடுங்கும் துரைமார்களின் முழங்காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று, இன்ஜினில் கொதிக்கும் தண்ணீரை இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே கொண்டுவந்து வெப்பக்காற்று ஊதும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்த இரண்டு ஹோஸும் கிழிந்துவிட்டன.

"ஹீட்டரா?" என்றாள் மனைவி தேவகிருபை. "அத்தான், மே மாசத்துல நம்ம ஊர்ல கண்ணாடிய எறக்குனா அதான ஹீட்டரு!"

பெண்புத்தி அப்படித்தான் சுலபமாக யோசிக்கும். ஜெபசிங்குக்கு வேறு கவலை. நகரின் தென்பகுதியில் 'பாரம்பரிய வாகனப் பேணுகைக் கழகம்' என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் கொடுக்கப் போன ஜெபசிங்கை வாசலிலேயே காவலாளி நிறுத்தி, "மளிகை சாமான்லாம் பின்கேட்டு" என்று கைகாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஜெபசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. செத்தால்கூட முன்கேட் வழியாகப் போய்விட்டுத்தான் சாவேன் என்று இருந்தார். காரின் எல்லாப் பாகமும் அசல் என்று சான்று கிடைத்தால் உறுப்பினர் பதவி. அசல் காரில் ஹீட்டர் ஓட வேண்டும்.

சான்று கொடுப்பவர் தாமஸ், கழகத்தின் 'அசல்தன்மைக் குழு' தலைவர். எந்தப் பொருளையும் தொட்டுப் பார்த்து வயது சொல்லிவிடுவார் என்று அவரே சொல்லுவார். முதல் முறை வந்து பார்த்தபோது கிழிந்த ஹோஸ் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் ஒழுகியது.

"இதை மாற்றுங்கள்" என்றார். "ஆனால் புதிதாக இருக்கக் கூடாது."

"பழசு எல்லாம் ஒழுகுமே சார்?"

"ஒழுகவும் கூடாது."

இவ்வளவு தெளிவான உத்தரவை ஜெபசிங் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. இங்கிலாந்திலிருந்து ஹோஸ் தருவித்தார். அது கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி பளபளவென்று வந்து சேர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் தாமோதரனிடம் ஓடினார்.

"இன்னா அண்ணாச்சி, ஹீட்டரே வேணான்னு ரெண்டு முனையும் சேத்து வளைச்சி வுட்டா மேட்டர் ஓவரு."

"எலே, வாய மூடு! இது பழசாத் தெரியணும். அவ்வளவுதான்."

"பழசாக்கணுமா? அத்த மொதல்ல சொல்ல வேணாமா?" தாமோதரன் முகம் மலர்ந்தது. "எண்ணூர்ல எங்க வூட்டு மாடில கட்டி வுட்டுர்றேன். தீவாளிக்கு வாங்கினு வந்த பிளாஸ்டிக் சேரு பொங்கலுக்குள்ள பொடிப்பொடியா பூட்ச்சு. கரண்டு கம்பெனி புகைபோக்கிங்கோ பக்கத்துலயே கீது, சாம்பல் தானா வந்து வுழும். பைசா செலவில்ல."

எப்பேர்ப்பட்ட வசதி பாருங்கள்! வெளிநாட்டில் ஒரு பொருளுக்கு ஐம்பது வயதாக ஐம்பது வருஷம் காத்திருக்கிறார்கள். எண்ணூரில் ஒரு மாதம் போதும். இரவு பகல் பாராமல், ஞாயிற்றுக்கிழமை லீவுகூட எடுக்காமல், காற்று தானே உழைக்கிறது. மாத முடிவில் ஹோஸ் இறங்கியபோது தோல் நரைத்து, மெல்லிய சுருக்கம் விழுந்து, ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி கம்பீரமாக இருந்தது. உள்ளே மட்டும் கெட்டி. ஜெபசிங் அதை முத்தமிட்டார். பிறகு வாய் கொப்பளித்தார்.

ஆய்வு நாள் வந்தது. தாமஸ் கையுறை மாட்டினார், பூதக்கண்ணாடி பிடித்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார். கிடங்கில் மிளகாய் மூட்டைகள்கூட மூச்சு விடவில்லை.

"ஐம்பத்தைந்து வயது" என்றார். "ஒரு நாள்கூடக் குறையாது. இந்த நரை பொய் சொல்லாது."

ஜெபசிங்கின் கண்ணில் நீர் திரண்டது. முன்கேட் தெரிந்தது. அடுத்து ஹீட்டர் சோதனை. தேவகிருபையை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"நல்லா வேலை செய்யுது சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நா எறங்கட்டுமா?"

தாமஸ் பேனாவைத் திறந்தார். மனம் நிறைந்தவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றும் அல்லவா? பக்கத்தில் நின்ற தாமோதரனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பெரியவரே, இந்த வயதிலும் இவ்வளவு உழைப்பு! எழுபது தாண்டியிருக்குமே?"

"நாப்பத்தி நாலு சார்."

"விளையாடாதீர்கள். நான் வயது பார்ப்பதில் தவறியதே இல்லை."

"ஆதார் காட்டவா?" தாமோதரன் இருமி முடித்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். "எல்லாம் எங்க மாடிக் காத்து சார். இந்த ஹோஸு ஒரு மாசம்தான் அங்க தொங்கினு இருந்துச்சு. நான் பொறந்ததுலருந்து அங்கதான் கீறேன்."

ஜெபசிங் அவர் காலை மிதித்தார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. பேனா மூடிக்கொண்டது.

தாமோதரனை அன்று ஜெபசிங் திட்டாத திட்டு இல்லை. "எழுபதுன்னு கேட்டாருல்லா! ஆமான்னு சொல்லித் தொலைச்சா ஒனக்கு என்னல கொறைஞ்சு போவுது?"

"கோச்சிக்காத அண்ணாச்சி. கொஞ்சம் பொறு, ரெண்டு வருசத்துல நானே எழுவது ஆயிடுவேன்."

குழு அவசரமாகக் கூடியது. விண்ணப்பத்தை நிராகரித்தது. அதோடு நிற்கவில்லை, கண்களில் நீர் மல்க ஒரு தீர்மானமும் போட்டது: 'நல்ல நிலையில் இருந்த ஒன்றை, அது வாயில்லாதது என்ற துணிவில், நச்சுக் காற்றில் தொங்கவிட்டு அகால முதுமை எய்தச் செய்தது மன்னிக்க முடியாத குற்றம். இனி ஒருபோதும் இது நடவாமல் கழகம் கண்ணும் கருத்துமாகக் காக்கும்.'

ஹோஸைப் பற்றித்தான், தங்கங்களா. தாமோதரனைப் பற்றியும் பேச்சு வந்தது. அவர் போலி அல்ல, அசல்தான், ஆகவே அவர் விஷயத்தில் குற்றம் ஏதும் நடக்கவில்லை என்று குழு ஒருமனதாகத் திருப்தி தெரிவித்தது.

சரி, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்த உயிரும், தன் வயசுக்கு மேல் ஒரு நாள்கூட அதிகமாகக் கிழடாகாமல் இருக்கட்டும்.