பாக்கில் கார் போகும்

கோபத்தை ஆறப்போடு என்று புத்தி சொல்பவர்கள் யாரும் மாமனாரோடு ஒரே காரில் கடலோரத்து மண்டபம் ஊர் வரை போனவர்கள் இல்லை. நான் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவைப் பார்க்க என் மனைவி ரோசலி வருஷக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தாள். பெரிய லீவுக்குப் போவது என்று முடிவாயிற்று.

"ரயில்ல ஏறுனா தனுஷ்கோடி. அங்க கப்பல். அவ்ளோதானே?" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் என் மாமனார் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் சுங்க வேலை பார்த்துத் திரும்பியபோது ஒரு கறுப்புக் காரையும் கொண்டுவந்திருந்தார். கண்ணில் புரை விழுந்ததால் அவரால் ஓட்ட முடியாது. (ஓட்டுவது நான், திட்டுவது அவர்.) காரில் போய் இறங்காவிட்டால் சம்பந்தி வீட்டில் மதிக்க மாட்டார்களாம்.

காரை ஏற்றும் கப்பல் தூத்துக்குடியிலா, தனுஷ்கோடியிலா என்று எங்கள் உப்பளம் வட்டாரத்தில் கண்டவர்களையெல்லாம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். வரைபடத்தில் பார்த்தால் நமக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணை ஒரு விரல் அகலம்தான் இருந்தது. மாமனாரிடமே கேட்டேன்.

"மாமா, பாக்ல கார் போவுமா?"

"பாக்ல கார் போவாம வேற என்னா போவும் மாப்ள? நானே எத்தினி வாட்டி ஏத்திக்கினு போயிருக்கேன். அந்தாண்ட எறக்குனா நேரா ரோடு."

ரோசலி மறுபடி ரயில் பேச்சை எடுத்தாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். (நானும் அவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.)

தனுஷ்கோடிக்கே போவது என்று நாங்கள் மூவரும் எங்கள் சின்ன மகளும் கிளம்பி, புழுதி தின்று மண்டபம் போய்ச் சேர்ந்தோம். ரோடு முடிந்துவிட்டது. எதிரே கடல், அதன்மேல் ரயில் பாலம். காரை ரயிலில் ஏற்ற முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், இப்போது நடக்காது என்று ஸ்டேஷனில் கையை விரித்தார்கள்.

"மாமா, பாக்ல போவும்னீங்களே?"

"பாக் எங்க இருக்குது?"

"இதோ, இந்தக் கடல்தான் பாக்."

"இது கடல் மாப்ள. பாக்குன்னா ஆத்தத் தாண்ட கார ஏத்துற தட்டைப் படகு. பிரெஞ்சுல அப்படித்தான் சொல்லுவாங்க. சைகோன் பக்கம் ஆத்துக்கு ஆறு உண்டு. பிரெஞ்சு தெரியலன்னா எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

கேட்டதுதானய்யா என் தலையெழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உள்ளே வைத்தே காரைக் கடலில் இறக்கியிருப்பேன். காரை இங்கேயே விட்டுவிட்டு ரயிலில் போகலாம் என்றேன். "வண்டிய வுட்டுட்டு வரமாட்டேன்" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரையும் காரையும் ஊர் சேர்க்க என்னை விட்டால் ஆளில்லை.

ரோசலி மகளோடும் பெட்டியோடும் ரயில் ஏறினாள். வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் பாக்கையே பாத்துக்கிட்டு இருங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் மாமனார் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்.

அக்கரையில் அக்கா, "அப்பா வரலியா?" என்று கேட்க, என் மகள், "தாத்தாவும் அப்பாவும் பாக்குத் தேடுறாங்க" என்றிருக்கிறாள். அன்று முதல் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பாக்குச் சித்தப்பா. இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் ஓரத்தில், "வெற்றிலை இங்கே இருக்கிறது, பாக்கு மட்டும் சித்தப்பா கொண்டுவரவும்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

ரோசலி டிக்கெட் எடுத்துவிட்டாள். தனக்கு மட்டும்.