வண்ணம் கூட்டிய படலம்

தூய தமிழ் பேசுபவனை இடறச் செய்வது அயல்மொழி அன்று; அவன் சொல்லையே எடுத்து வேறு பொருளில் வழங்கும் உடன்பிறந்த மொழிதான். இவ்வுண்மையை எந்த இலக்கண நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. கேரள எல்லையில், பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் கற்பித்தது. அதுவும் ஊரார் முன்னிலையில், ஒலிபெருக்கி வைத்து.

காவிரிக் கரையில் பிறந்து, ஓவியமும் தமிழும் பயின்று, அப்பள்ளியில் ஓவிய ஆசிரியனாக வந்து இறங்கியபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது, அடக்கம் அரும்பியிருக்கவில்லை. தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் அடுத்தடுத்து நடக்கும் பள்ளி அது. என் பணியோ தற்காலிகம். ஆண்டின் முடிவில் தலைமையாசிரியை சரோஜம் டீச்சர் நல்ல சொல் சொன்னால் பள்ளி மேலாளர் என்னை நிலைப்படுத்துவார். இல்லையேல் ஊருக்கு வண்டி ஏறவேண்டியதுதான். ஊரிலோ, "படம் போட்டுப் பிழைக்கப் போகிறானாம்" என்று சிரித்தவர்கள், மிச்சச் சிரிப்பை எனக்காகச் சேமித்து வைத்திருந்தனர்.

ஆயினும் அந்த முதல் வாரங்களின் களிப்பை எவ்வாறு உரைப்பேன்! மணி அடிக்க நெடுநேரம் இருக்கும்போதே வாயிலில் நிற்பேன். (பள்ளிக் காவலர் சலித்துப்போய்த் திறவுகோலை என்னிடமே தந்துவிட்டார்.) வீட்டருகே நிற்கும் மரம் ஒன்றை வரையுமாறு முதல் நாள் பணித்தேன். ஷீபா என்னும் மாணவி வரைந்த மரம் இடுப்பில் ஓர் ஓட்டினை ஏந்தி நின்றது.

"இம்மரம் ஏன் திருவோடு ஏந்தி இரக்கின்றது?" என்று வினவினேன்.

"சார், இது ரப்பர் மரமாக்கும். பால் வடியியதுக்கு சிரட்டை கெட்டி வச்சிருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "எலே மக்கா, ரப்பர்னா படம் அழிக்கியது மட்டும்னு சாரு நெனச்சிருக்காரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று இரவு உவகை மிகுதியால் உறக்கம் வரவில்லை. என்னிடம் படம் கற்கவும் என்னைக் கேலி செய்யவும் ஒரு கூட்டம் கிடைத்துவிட்டதே.

அவ்வாண்டே சரோஜம் டீச்சர் பணி ஓய்வு பெறவிருந்தார். பிரிவுபசார விழாவில் அவருடைய ஆளுயர ஓவியம் ஒன்றைத் திறப்பதென்று முடிவாயிற்று. விழாவில் புதுப் பட்டு உடுத்துவதற்காக அவர் இரவுச் சோற்றைத் துறந்து, விடியலில் ஆற்றங்கரை நடையை மேற்கொண்டு, தம் உடம்பைத் தவத்தால் மெலிவித்திருந்தார். "ஞான் மெலிஞ்சிட்டேன் இல்லியா?" என்று எதிர்ப்படுவோரை எல்லாம் கேட்பார். இல்லையென்று சொல்லும் துணிவு ஒருவருக்கும் இருந்ததில்லை.

கோட்டுருவை நான் வரைந்தேன். மெலிந்த, கண்ணியமான உருவம். தீட்டும் பொறுப்பை மாணவர்க்கு அளித்தேன். அதுவரை என் வகுப்பில் அவர்கள் கரிக்கோல் மட்டுமே பிடித்தவர்கள். 'கலர்' என்னும் சொல்லை என் நாவு தீண்டியதில்லை. அதன் தமிழ்ச் சொல்லை எடுத்தாளவும் அன்றுவரை வேளை வாய்க்கவில்லை.

விழா நாள் காலை மேலாளரை அழைத்துவர நெய்யாற்றின்கரைத் தொடர்வண்டி நிலையத்துக்குப் புறப்பட்டேன். போகும்போது படத்தைப் பார்த்தேன். முகம் வெளிறிக் கிடந்தது.

"வண்ணம் போதாது. நன்றாக வண்ணம் கூட்டுங்கள்," என்றேன்.

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "எங்கெல்லாம் சார் கூட்டணும்?" என்றாள் ஷீபா.

"கன்னம், கழுத்து, கை. ஓரிடமும் விடாதீர்கள்."

"டீச்சர் வழக்கு பறைவாங்க சார்."

(அவ்வூரில் வழக்குப் பறைதல் என்றால் திட்டுதல். எனக்கோ நெய்யாற்றின்கரை நீதிமன்றம் கண்முன் வந்தது.) "வழக்காடட்டும். அவர் உள்ளம் குளிர்வார், பாருங்கள்," என்று சொல்லிப் பேருந்தேறினேன்.

மேலாளரோடு திரும்பியபோது அரங்கு நிறைந்திருந்தது. படத்துக்குத் திரையிட்டிருந்தனர். மேலாளர் திரையை விலக்கினார்.

கன்னங்கள் இரண்டு பலாப்பழங்கள். தாடைக்குக் கீழே துணைத்தாடை. புயங்கள் மரச்சட்டத்தை முட்டின. அமர்வதற்கு நான் வரைந்திருந்த நாற்காலி போதாதென்று, பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள். ஒன்று சொல்லவேண்டும்: ஒளியும் நிழலும் பிழையின்றி அமைந்திருந்தன. உயிர் போகும் அவ்வேளையிலும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு உள்ளூரப் பெருமிதமே.

"என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். ஒலிபெருக்கி அருகிலிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"சார் சொன்னதையாக்கும் செய்தோம்," என்றாள் ஷீபா. "வண்ணம் கூட்டச் சொன்னிய. கன்னம், கழுத்து, கை எல்லாம் கூட்டியிருக்கு."

மேலாளர் என் தோளைத் தொட்டார். "சாரே, மலையாளத்துல வண்ணம்னா உடம்புத் தடியாக்கும். கலருக்கு நிறம்னு சொல்லணும்."

அரங்கு அதிர்ந்தது. சரோஜம் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தின் முன் நின்றார். காவிரிக்குப் போகும் வண்டியின் ஓசை என் செவிக்குள் கேட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த அவருடைய கணவர், ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தறியாதவர், எழுந்தார்.

"படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. கெட்டின நாள் முதல் நான் பாக்கியது இந்த ஆளையாக்கும். இப்பம் மெலிஞ்சு நடக்கிய ஆளைத்தான் எனக்கு அடையாளம் தெரியல்ல."

டீச்சரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அஞ்சினேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"இந்த சாரை விட்டுராதுங்க. நான் இவ்வளவு காலம் தொண்டை கீறிச் சொன்னதை ஒரு பிள்ளையும் இப்படி அட்சரம் பிசகாம கேட்டதில்ல. ஆனா சாரு மொதல்ல ரெண்டாம் கிளாசில போய் இருந்து மலையாளம் படிக்கட்டும்."

இவ்வாறு என் பணி நிலைத்தது. முழங்கால் முகவாயில் இடிக்க, சிறுவர் இருக்கையில் அமர்ந்து மலையாளமும் கற்றேன். படத்தை டீச்சரே வீட்டுக்கு எடுத்துச் சென்று சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினார் (உணவுக் கட்டுப்பாட்டுக்கு உதவுகிறதாம்).

கதை எனக்கு முன்பே ஊர் ஊராகப் போய்விட்டது. வெள்ளறடையில் நான் பெண் பார்க்கச் சென்றபோது, மணமகள் உள்ளேயிருந்து ஒரே ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினாள்: மாப்பிள்ளை தன்னை ஒருநாளும் வரையக் கூடாது. ஒப்புக்கொண்டேன். இன்று எங்கள் வீட்டுச் சுவரில் மக்கள், மருமக்கள், பூனை உட்பட அனைவரும் என் கையால் தீட்டப்பெற்று வீற்றிருக்கின்றனர். இல்லத்தரசி மட்டும் இல்லை. காரணம் கேட்கும் விருந்தினர்க்கு, நான் வாய் திறக்குமுன் அவளே விடை சொல்லிவிடுவாள்:

"எனக்கு வண்ணம் கூட்ட மரச்சீனிக் கிழங்கு உண்டு. இவரு வேற வேண்டாம்."